ரோஜாவுக்கு ராசி வேண்டுவதில்லை

காடாம்புலியூர்ச் சாலையிலும் பண்ருட்டிக் கடைத்தெருவிலும் மழை ஓய்ந்ததும் ரோஜாச் செடி வண்டிகள் வந்து நிற்பதை அங்கத்தினர்கள் அறிவார்கள். கறுப்புப் பையில் ஒரு பிடி மண். அதன்மேல் ஒரு முழச் செடி. செடியின் தலையில் இரண்டு பெரிய மலர்கள். மலரைக் கண்டு மனம் மகிழ்ந்து, வீட்டுத் தாய்மார் இரண்டு செடி வாங்குகின்றனர். வாசலில் நடுகின்றனர், நாள்தோறும் தண்ணீர் விடுகின்றனர். முதல் மலர்கள் உதிர்கின்றன. அதன் பின்னர் ஒன்று, செடி மேலிருந்து கீழாகக் கருகிப் போகிறது. அன்றேல் முள்ளும் இலையுமாய் ஓங்கி வளர்ந்து ஒரு மொட்டும் விடாமல் நிற்கிறது. "எங்கள் வீட்டு மண்ணுக்கு ரோஜா ராசியில்லை" என்று சொல்லிப் பெருமூச்சு விடுகின்றனர். மறு ஆண்டு அதே வண்டி வருகிறது; அதே வாணிபம் நடக்கிறது; அதே பேச்சும் பேசப்படுகிறது.

இந்த ராசிப் பேச்சை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. நீர் தேங்காத செம்மண் ரோஜாவுக்கு ஏற்ற மண்ணே ஆகும். வெயிலுக்கும் நம்மிடம் குறைவில்லை. செடி மடிவதற்குக் காரணங்கள் உண்டு. அவை நம் கண்ணுக்குத் தெரியக்கூடியவை. நம் கையால் நீக்கக்கூடியவை. அதைவிட வியப்பு யாதெனில், அந்தக் காரணங்களை நீக்கும் வித்தையை நம் அங்கத்தினர்கள் முன்னமே அறிந்திருக்கிறார்கள் என்பதுதான். முந்திரித் தோப்பில் கடைப்பிடிக்கும் அறிவை வீட்டு வாசலில் மறந்துவிடுகிறோம் என்பதே நமது குற்றச்சாட்டு.

முந்திரி விலையும் நூல் விலையும் கவலை தரும் காலத்தில் பூச்செடியைப் பற்றி எழுதுவது எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆயினும் ஆண்டுதோறும் செடி வாங்கிச் சாகவிடுவது சிறு செலவேனும் வீண் செலவாகும். அச்செலவு பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் சிறுவாட்டுப் பணத்திலிருந்து போகிறது. கோயிலுக்கும் கூந்தலுக்கும் வேண்டிய பூவை வீட்டிலேயே பறிப்பது சிக்கனமும் ஆகும், மனநிறைவும் ஆகும். இவற்றினும் பெரிய காரணம் ஒன்று உண்டு. அது பூச்சி மருந்தைப் பற்றியது. அதனைப் பின்னர்ச் சொல்லுவோம்.

முதலாவது, செடியைத் தேர்ந்தெடுத்தல். வண்டியில் வரும் பெருமலர் வகைகள் பலவும் குளிர் நாடுகளில் உருவாக்கப்பட்ட மரபைச் சேர்ந்தவை. ஓசூர் போன்ற குளிர்ந்த மேட்டு நிலத்தில், பசுமைக் குடிலுக்குள், தேர்ந்த ஆட்களின் மேற்பார்வையில் அத்தகைய வகைகள் செழிப்பது உண்மையே. அதே வகை நம் கத்திரி வெயிலில், கேட்பாரற்ற வாசலில் அவ்வாறே நடந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையன்று. வெப்ப நாட்டுக்கு வெப்ப நாட்டு ரோஜா வேண்டும் என்பதையே நோன்பாகக் கொண்டவர், இந்திய ஆட்சிப் பணியை விட்டுக் கொடைக்கானலில் குடியேறிய திரு. எம். எஸ். வீரராகவன் அவர்கள். துணைவியார் கிரிஜா அம்மையாருடன் சேர்ந்து அவர் பல்லாண்டுகள் உழைத்தார். மணிப்பூர் மலைகளில் கொடியாய்ப் படரும் காட்டு ரோஜாவையும், வங்கத்துச் சதுப்பு நிலங்களில் வளரும் காட்டு ரோஜாவையும் கொண்டு புதிய வகைகளை உருவாக்கினார். ரோஜா என்றால் குளிர் நாட்டுச் செடி என்னும் எண்ணம் தவறு என்பதற்கு அவரது உழைப்பே சான்று.

ஆனால் நம் வாசலுக்கு அவ்வளவு தூரம் செல்ல வேண்டுவதில்லை. பன்னீர் ரோஜா என்று நம் பக்கத்துப் பெண்கள் அழைக்கும் இளஞ்சிவப்பு மணமலர் பல வீடுகளில் இருக்கிறது. எட்வர்டு ரோஜா என்பதும் இதுவே. இதன் வரலாறு சுவையானது. இந்துமாக் கடலில், நம் நாட்டுக் கரும்புக் கூலிகள் பலர் பிற்காலத்தில் சென்று சேர்ந்த ரெயூனியன் தீவுக்கு முன்னர் பூர்போன் என்று பெயர். சீனத்து ரோஜாவும் மேல்நாட்டு டமாஸ்க் ரோஜாவும் அங்கே வேலிச் செடிகளாய் அருகருகே நின்று கலந்ததில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த இனம் தோன்றியது. சீனத் தாயிடமிருந்து ஆண்டில் பன்முறை பூக்கும் குணமும், டமாஸ்க் குடியிலிருந்து மணமும் இதற்கு வந்தன. வெப்பத் தீவில் பிறந்ததாகையால் நம் வெயிலுக்கு இது அஞ்சுவதில்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் சமவெளிச் சாகுபடிக்கு எட்வர்டு ரோஜாவையும் ஆந்திரச் சிவப்பு ரோஜாவையும் சொல்லி வருகிறது. இவற்றின் மலர் சிறிது, காம்பு குட்டை, கண்ணாடிக் குவளையில் வைத்து அழகு பார்க்க உதவாது. ஆனால் மாலைக்கும் கூந்தலுக்கும் காம்பு எதற்கு?

எட்வர்டு ரோஜாவின் இன்னொரு சிறப்பு, குச்சியை வெட்டி நட்டாலே வேர் பிடிப்பது. பிற ரோஜாக்களுக்கு வேர்ச்செடியாக இதனையே நாட்டின் பல பகுதிகளில் பயன்படுத்துகின்றனர் என்றால் இதன் வேரின் வலிமை விளங்கும். இங்கேதான் இரண்டாவது காரணத்துக்கு வருகிறோம்.

வண்டியில் வாங்கும் செடி ஒரு செடியன்று; இரண்டு செடி. கீழே நிற்பது வேர்ச்செடி. அதன் தண்டில் கண் ஒட்டு வைத்து வளர்த்ததே மேலே பூக்கும் செடி. ஒட்டு வைத்த இடத்தில் ஒரு முண்டு இருப்பதைக் கூர்ந்து பார்த்தால் காணலாம். ஒட்டுக்குக் கீழேயிருந்தும் வேரிலிருந்தும் துளிர் கிளம்பினால் அது வேர்ச்செடியின் துளிர். அதனை விட்டுவைத்தால் உரத்தையும் நீரையும் தானே உண்டு கொழுத்து, மேற்செடியைப் பட்டினி போட்டுக் கொன்றுவிடும். ஓங்கி வளர்ந்தும் பூவாத செடியின் இரகசியம் பெரும்பாலும் இதுவே. வாங்கிய ரோஜா செத்துப்போய், அதன் வேர்ச்செடியை நாம் வளர்த்துக்கொண்டிருக்கிறோம்.

முந்திரி பயிரிடும் அங்கத்தினருக்கு இதனை நாம் விளக்கிச் சொல்ல வேண்டுமா? 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் வீசிய தானே புயலில் நம் வட்டாரத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததை மறந்தவர் யாரும் இலர். அதற்குப் பின்னர் மறுபடி தோப்பு வைத்தவர்களில் எத்தனை பேர் விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்து வகைகளின் ஒட்டுக் கன்றுகளை நட்டனர்! ஒட்டில் சுற்றிய பிளாஸ்டிக் நாடாவைக் காலத்தில் அவிழ்த்துவிட வேண்டும், ஒட்டு மண்ணுக்குள் புதையக்கூடாது, ஒட்டுக்குக் கீழ் வரும் துளிரை அவ்வப்போது கிள்ளிவிட வேண்டும் என்பன அவர்களுக்கு மனப்பாடம். இந்த மூன்று விதிகளும் ரோஜாவுக்கு அப்படியே பொருந்தும். தோப்பில் ஐந்நூறு கன்றுக்குச் செய்வதை வாசலில் இரண்டு செடிக்குச் செய்யாதது ஏன்?

வேர்ச்செடித் துளிரில் ஏழு சிற்றிலை இருக்கும், நல்ல துளிரில் ஐந்து இருக்கும் என்று சிலர் கணக்குச் சொல்வர். அது எல்லாச் செடிக்கும் ஒத்துவராது. துளிரைப் பிடித்துக்கொண்டே கீழே சென்று, அது ஒட்டுக்கு மேலே பிறந்ததா கீழே பிறந்ததா என்று பார்ப்பதே தவறாத சோதனை. கீழே பிறந்ததாயின், வெட்டாமல் அடியோடு பிய்த்துவிட வேண்டும். வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். குச்சி நட்டு வளர்த்த பன்னீர் ரோஜாவுக்கோ இந்தத் தொல்லையே இல்லை. வேரிலிருந்து எது வந்தாலும் அதுவும் பன்னீர் ரோஜாவே.

மூன்றாவது, இடமும் குழியும். நம் வீடுகளில் பலாமரத்து நிழல் பெருமைக்குரியது. ஆனால் ரோஜா அந்த நிழலில் நலிந்துபோகும். நாளொன்றுக்கு 6 மணி நேரமாவது வெயில் விழும் இடமாகப் பார்க்க வேண்டும். நீள அகல ஆழம் மூன்றும் 45 செ.மீ. இருக்குமாறு குழி எடுத்து, மக்கிய தொழு உரமும் ஏரி வண்டலும் செம்மண்ணோடு கலந்து நிரப்புக. நம் செம்மண் நீரை விரைவில் வடித்துவிடுவது ஒரு நன்மை; சத்தையும் சேர்த்து வடித்துவிடுவது ஒரு குறை. அக்குறையை எருவும் வண்டலும் ஈடு செய்யும். நடும்போது ஒட்டு முண்டு மண்ணுக்கு மேலே இரண்டு மூன்று அங்குலம் தெரியட்டும். ஆண்டுக்கு இருமுறை, கவாத்துக்குப் பின் ஒருமுறையும் ஆடி மாதத்தில் ஒருமுறையும், எரு இட்டு மண்ணைக் கொத்திவிட்டால் போதும்.

நெசவாள அங்கத்தினர்களுக்குத் தனியே ஒரு சொல். சாயத் தொட்டியின் கழிவு நீரைச் செடிக்கு ஊற்றும் வழக்கம் எங்கேனும் இருப்பின் அன்றே நிறுத்துக. சாயம் பிடிக்க உப்பும் சோடாவும் சேர்க்கப்படுகின்றன. அவை மண்ணில் தங்கிப் போனால் ரோஜா மட்டுமன்று, கீரையும் முளைக்காது. அரிசி கழுவிய நீரை ஊற்றலாம். சோப்பு நீரை ஊற்றலாகாது.

நான்காவது, கவாத்து. இதுவே பெரும்பாலோர் அஞ்சுவது. பூத்த செடியை வெட்டுவதா என்று தாய்மார் கை நடுங்குகின்றனர். ஆனால் ரோஜா புதிய துளிரின் நுனியிலேயே பூக்கும் செடி. பழைய கிளையை வெட்டினால்தான் புதிய துளிர். புதிய துளிர் இருந்தால்தான் பூ. காய்ந்த கிளை, நோயுற்ற கிளை, ஒன்றோடொன்று உராயும் கிளை ஆகியவற்றை முற்றிலும் நீக்கி, சென்ற ஆண்டுக் கிளைகளைப் பாதியளவு குறைக்க வேண்டும். வெளிநோக்கிய கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, சாய்வாக வெட்டுக. உள்நோக்கிய கணுவுக்கு மேல் வெட்டினால் துளிர்கள் நடுவே நெருங்கிக் காற்றோட்டம் கெடும்.

காலத்தைப் பற்றி நமக்கு ஓர் அழுத்தமான கருத்து உண்டு. சமவெளிக்குப் பொதுவாக அக்டோபர் முதல் டிசம்பர் வரை கவாத்துக் காலம் என்பர். நம் கடலூர் வட்டாரத்துக்கோ ஐப்பசியும் கார்த்திகையும் அடைமழைக் காலம். அடைமழையில் வெட்டிய காயத்தின் வழியே பூசணம் புகுந்து, கிளை நுனியிலிருந்து கருகத் தொடங்கி அடிவரை வந்துவிடும். நுனிக்கருகல் என்பது இதுவே. மேலிருந்து கீழாகச் செடி சாவதாக முதலில் சொன்னோமே, அதற்குப் பெரும்பாலும் காரணம் இந்நோய்தான். ஆகவே நம்மவர்கள் மழை ஓயும்வரை பொறுத்திருந்து, மார்கழிக் கடைசியிலோ தைப் பொங்கலை ஒட்டியோ கவாத்துச் செய்வதே நலம் என்பது நமது துணிபு. கவாத்து செய்த ஆறு ஏழு வாரத்தில் பூ வரும். பொங்கலுக்கு வெட்டிய செடி மாசியில் பூத்துக் குலுங்கும். மாசி மகத்துக்குச் சுவாமிக்கு நம் வீட்டுப் பூவைச் சாத்தலாம்.

வெட்டு வாயில் போர்டோ பசை தடவுக. பலாவுக்கும் தென்னைக்கும் இது தெரிந்த மருந்தே. 100 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் நீரிலும், 100 கிராம் சுண்ணாம்பை அரை லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்து, மண் சட்டியிலோ பிளாஸ்டிக் வாளியிலோ ஒன்று சேர்த்தால் பசை ஆயிற்று. உலோகப் பாத்திரம் ஆகாது. தெருவில் பத்து வீட்டுக்கு ஒரு சட்டிப் பசை போதும். அதுவும் கூட்டுறவே அன்றோ?

இனி, முன்னர் ஒத்திவைத்த பூச்சி மருந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரோஜாவில் புதுத் துளிர் விடும் தை, மாசி மாதங்களில்தான் முந்திரியும் பூத்துப் பிஞ்சு விடுகிறது. தேயிலைக் கொசுவுக்கு அஞ்சித் தோப்பில் மருந்து அடிக்கிறோம். அடித்தது போக மிஞ்சிய மருந்தை வீணாக்க மனமின்றி, வீட்டுக்கு வந்து ரோஜாவின்மேலும் ஒரு கை தெளித்துவிடுபவர் உண்டு. இவ்வழக்கத்தை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். தோப்பு வேறு, வாசல் வேறு. வாசலில் குழந்தை தவழ்கிறது, கோழி மேய்கிறது, பக்கத்தில் கிணறு இருக்கிறது. காலையில் அந்தப் பூவைப் பறித்துப் பெண் குழந்தையின் தலையில் சூட்டுகிறோம். பன்னீர் ரோஜா இதழைச் சிறுவர் வாயில் போட்டு மெல்லுவதும் உண்டு.

கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் நடந்தது நமக்கு அயலார் கதையன்று. அது முந்திரியின் கதை. அங்கே முந்திரித் தோட்டங்களின்மேல் எண்டோசல்பான் என்னும் பூச்சிக்கொல்லி 1970களின் பிற்பகுதி தொடங்கி 2000ஆம் ஆண்டு வரை வானிலிருந்து தெளிக்கப்பட்டது. தோட்டத்தின் இடையே வீடுகளும் கிணறுகளும் ஓடைகளும் இருந்தன. அவ்வூர்களில் பிறவிக் குறைகளும் தீராப் பிணிகளும் மிகுந்து மக்கள் பட்ட துன்பம் நாடறிந்தது. 2011ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் உச்சநீதிமன்றம் அம்மருந்தை நாடு முழுவதும் தடை செய்தது. பாதிக்கப்பட்டோருக்குத் தலைக்கு 5 லட்சம் ரூபாய் வழங்குமாறு 2017இல் கேரள அரசுக்கு ஆணையிட்டது. அந்த மருந்து இன்று இல்லை. ஆனால் தோப்புக்குரிய மருந்து வீட்டுக்குள் வரலாகாது என்னும் பாடம் என்றும் உண்டு.

மருந்தின்றி ரோஜாவைக் காப்பது எளிதே. இலையில் கரும்புள்ளி விழும் நோய், இலைமேல் ஏழு மணி நேரம் போல ஈரம் தங்கினால்தான் தொற்றும். ஆகவே மாலையில் இலை நனைய நீர் ஊற்றாமல், காலையில் அடியில் ஊற்றுக. உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி அப்புறப்படுத்துக. கோடையில் இலைக்கு அடியில் செஞ்சிலந்தி கூடினால், காலை வெயிலில் இலையின் அடிப்புறம் படும்படி நீரைப் பீய்ச்சினால் பெருமளவு ஒழியும். வெயிலில் இலை உடனே காய்ந்தும் விடும். அசுவினிக்கும் இலைப்பேனுக்கும் வேப்பங்கொட்டைச் சாறு உதவும். 50 கிராம் வேப்பம்பருப்பை இடித்து 1 லிட்டர் நீரில் ஓர் இரவு ஊறவைத்து, வடிகட்டி, சிறிது சோப்புக் கரைத்து மாலையில் தெளிக்கலாம். மாவுப்பூச்சி படிந்த நுனியைக் கிள்ளி எரித்துவிடலாம். இரண்டு செடிக்கு இவ்வளவு செய்ய முடியாதவர், மருந்தடித்து மட்டும் என்ன காணப் போகிறார்?

சங்கத்துக்கு நாம் வைக்கும் யோசனை எளியது. தை மாதத்தில் ஒரு நாளைக் கவாத்து நாளாகக் கொள்வோம். சங்கத்தின் செலவில் இரண்டு நல்ல கவாத்துக் கத்தரிகள் வாங்கி வைத்து, அங்கத்தினர் வீடுகளுக்கு முறைவைத்து இரவல் கொடுப்போம். பன்னீர் ரோஜா வைத்திருப்போர் அன்று வெட்டிய கிளைகளைக் குப்பையில் எறியாமல் சங்கத்துக்குக் கொணரட்டும். பென்சில் பருமனுள்ள முற்றிய கிளையை ஒரு சாண் நீளத்துக்கு, மூன்று நான்கு கணு இருக்கும்படி நறுக்கி, இரண்டு கணு மண்ணுக்குள் இருக்குமாறு பையில் நட்டு நிழலில் வைத்து ஈரம் காத்து வந்தால் வேர் பிடித்துவிடும். ஆடி மழைக்கு அதனைக் குழியில் இறக்கலாம். ஒரு நல்ல செடியின் ஓராண்டுக் கவாத்தில் ஒரு தெருவுக்கு வேண்டிய நாற்று கிடைக்கும். விலை கொடுத்து வாங்கிச் சாகவிடுவதற்கு மாறாக, கழிவிலிருந்து கன்று எடுத்து ஒருவர்க்கொருவர் கொடுத்துக்கொள்வோம்.

நெசவாளர் அறுந்த இழையைக் கண்டவுடன் நாடாவை நிறுத்திப் பிணைக்கிறார். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் துணி முழுவதும் கெடும் என்பதை அவர் அறிவார். விவசாயி ஒட்டுக்குக் கீழ் வந்த துளிரைக் கண்டவுடன் கிள்ளுகிறார். அந்தக் கண்ணும் கையும் நம்மிடம் இருக்கும்போது ராசியின்மேல் பழி போடுவது நமக்கு அழகன்று. வருகிற தையில் கத்தரியை எடுப்போம். மருந்துத் தெளிப்பானைத் தோப்புக் கொட்டகையிலேயே விட்டு வருவோம். மாசியில் மலரட்டும்.